அயலானுக்குப் பெயர் இல்லையா?

சென்ற ஆண்டு எங்கள் பகுதி இலக்கிய அன்பர்கள் சிலர் கூடி, 'கடல் கடந்த வாழ்வு' என்னும் பொருளில் சிறுகதைப் போட்டி ஒன்று நடத்தினார்கள். நடுவர் மூவரில் ஒருவனாக இருக்கும்படி என்னை அழைத்தார்கள். அரபும் தமிழும் கற்பிக்கின்றவன் என்பதால் அழைத்திருக்கலாம். வயதில் மூத்தவன், மறுக்கமாட்டான் என்பதாலும் இருக்கலாம். செங்கற்பட்டு, மதுராந்தகம், பல்லாவரம், கோவளம் முதலிய ஊர்களிலிருந்து கதைகள் கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாய இளைஞர்கள். நடை தெளிவாயிருந்தது; பிழைகள் குறைவு. ஆயினும் கடைசிக் கதையைப் படித்து மூடியபோது என் மனத்தில் எஞ்சி நின்றது ஒருவகை நாணமே.

கதைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஒருவன் கடன்பட்டு முகவரிடம் பணம் கட்டுகிறான். விமான நிலையத்தில் தாய் அழுகிறாள். பாலைவனத்து வெயில் சுடுகிறது. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். ஊரில் தங்கைக்குத் திருமணம் நடக்கிறது. அவனால் வர இயலவில்லை. முன்பெல்லாம் கடிதமும் ஒலிநாடாவும் இடம்பெற்றன. இப்போது அவ்விடத்தில் கைப்பேசி வந்துவிட்டது. முடிவில் கோடாலித் தைலமும் கம்பளியும் அத்தரும் அடைத்த பெட்டியோடு அவன் திரும்பி வருகிறான்; அல்லது அவனே பெட்டிக்குள் கிடந்து வருகிறான். மூன்றாவது கதையைப் படிக்கும்போதே நான்காவதன் முடிவை என்னால் சொல்லிவிட முடிந்தது. இவையெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தெருக்களில் இக்கண்ணீர் சிந்தாத வீடு எது? என் வீட்டிலும் சிந்தியது.

ஆனால் ஒன்று கவனித்தேன். இத்தனை கதைகளிலும் ஓர் அரபிக்குக்கூடப் பெயர் இல்லை. 'அரபி' என்கிறார்கள், 'கஃபீல்' என்கிறார்கள். அவன் வருகிறான், கத்துகிறான், கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறான், போய்விடுகிறான். அவனுக்குத் தாய் தந்தையர் உண்டா, அவன் தந்தை எண்ணெய் கண்டெடுக்கப்படுவதற்கு முன் என்ன தொழில் செய்தார், அவன் எதற்கு அஞ்சுகிறான் என்பவையெல்லாம் எழுதியவர்க்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலும் காணோம். 'யல்லா, யல்லா' என்பதற்கு மேல் அவன் வாயில் சொல் இல்லை. அறையில் உடன் படுக்கும் எழுவரில் ஒருவன் பட்டாணி, ஒருவன் வங்காளி, ஒருவன் மலையாளி என்ற அளவில் அறிகிறோம். அதற்குமேல் அவர்களும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறார்கள்.

இருபதாண்டுகள் அரபு நாட்டில் வாழ்ந்தவனைப் பற்றிய கதையில் ஓர் அரபி ஒரு முழு வாக்கியம் பேசவில்லை என்றால், அக்கதை எந்த நாட்டைப் பற்றியது? விமானத்தை நீக்கிவிட்டுப் பேருந்து என்று எழுதுங்கள். துபாய் என்பதை அடித்துவிட்டுத் திருப்பூர் என்று போடுங்கள். கதையில் ஏதேனும் குலைகிறதா? குலையவில்லை என்றால் அது பயணக் கதையும் அன்று, குடிபெயர்ந்தோர் கதையும் அன்று. வீட்டுக் கதைக்கு வெளிநாட்டு அஞ்சல் தலை ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. தாயைப் பிரிந்த துயரம் திருப்பூரிலும் உண்டு.

நடுவர்கள் கூடிப் பேசியபோது இதைச் சொன்னேன். உடனிருந்த இளைய நடுவர் நல்ல வாசிப்பு உடையவர். அவர் சற்றுச் சூடாகவே கேட்டார்: "ஹஸ்ரத், அடிபட்டவன் அடித்தவனுடைய குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டா இருப்பான்? அவன் தன் வலியைச் சொல்லட்டும், அது போதும்." மற்றவரும் தலையசைத்தார். இரண்டுக்கு ஒன்று. வழக்கமான கண்ணீர்க் கதைக்கே முதற்பரிசு போயிற்று; தீர்ப்பில் நானும் கையொப்பமிட்டேன். இட்ட கை அன்றிலிருந்து உறுத்துகிறது. இக்கட்டுரை அந்த உறுத்தலால் எழுந்தது.

இளைய நண்பரின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதனால்தான் அது ஆபத்தானது. அதற்கு விடையை நான் அரபிகளிடமிருந்தே எடுத்துக் காட்டுகிறேன்.

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1963ஆம் ஆண்டில் ஒரு குறுநாவல் வெளியிட்டார். 'வெயிலில் மனிதர்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். மண்ணை இழந்த மூன்று பாலஸ்தீனர்கள் பிழைப்புத் தேடிக் குவைத்துக்குக் கள்ளத்தனமாகப் போக முயல்கிறார்கள். ஒரு தண்ணீர் லாரியின் வெற்றுத் தொட்டிக்குள் அவர்களை இறக்கி, எல்லைச் சாவடியைக் கடத்துகிறான் ஓட்டுநன். அவனும் பாலஸ்தீனனே, அபுல் கைஸுரான் என்பது அவன் பெயர். சில நிமிடங்களில் முடிய வேண்டிய வேலை. சாவடி அலுவலர்களோ குளிர்ந்த அறையில் அமர்ந்துகொண்டு, பஸ்ராவில் ஒரு நாட்டியக்காரியோடு அவனுக்குத் தொடர்பு உண்டாமே என்று கேட்டுச் சிரித்துச் சிரித்துப் பேச்சை வளர்க்கிறார்கள். வெளியே ஆகஸ்டு மாத வெயிலில் தொட்டிக்குள் மூன்று பேர் வெந்து மடிகிறார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்த அலுவலரைக் கனஃபானி ஊமையாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'அதிகாரிகள் தாமதப்படுத்தினார்கள்' என்ற ஒரு வரியோடு போயிருக்கும். அவர் வாயைத் திறக்க விட்டார். வேடிக்கை பேச விட்டார். அவருடைய சலிப்பையும், குளிரூட்டிய அறையின் சுகத்தையும், மனத்தின் சிறுமையையும் காட்டினார். அவ்வேடிக்கைப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் தொட்டிக்குள் இருப்பவரின் மூச்சில் ஒன்றைப் பறிக்கிறது. அயலானைப் பேச விடுவது அவனுக்குக் காட்டும் சலுகை என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அவனைப் பேச விடாமல் அவன்மீது குற்றம் சாட்டவே முடியாது என்பது கனஃபானிக்குத் தெரிந்திருந்தது. பேசாத அரபி வெயிலைப் போல, மணற்காற்றைப் போல ஓர் இயற்கைத் துன்பமாகிவிடுகிறான். வெயில்மீது யார் வழக்குத் தொடுப்பார்?

குற்றம் இளைஞர்களுடையது மட்டும் அன்று. என்னைப் போன்ற மதரஸாக்காரர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஓதிய காலத்தில் 'மகாமாத்துல் ஹரீரீ' பாடமாக இருந்தது. பஸ்ராவைச் சேர்ந்த ஹரீரீ 1122இல் மறைந்தவர். அவர் இயற்றிய 50 மகாமாக்களும் என்ன? ஐம்பது சிறுகதைகள்; அத்தனையும் பயணக் கதைகள். ஸன்ஆ, திமஷ்கு, பக்தாது என்று பெரும்பாலானவை ஊர்களின் பெயரையே தலைப்பாகக் கொண்டவை. ஹாரிஸ் இப்னு ஹம்மாம் ஊர் ஊராகப் போகிறார். போகும் இடமெல்லாம் அபூஸைத் என்னும் கிழவனைச் சந்திக்கிறார். அவன் பேச்சில் மன்னன், பிழைப்பில் ஏமாற்றுக்காரன். ஓர் ஊரில் உபதேசியாக, மற்றோர் ஊரில் பிச்சைக்காரனாக வேடமிடுகிறான். அவனுடைய ஸரூஜ் நகரம் சிலுவைப் போர்க்காரர் கையில் வீழ்ந்தது, அவன் ஊரற்றவன். இன்றைய சொல்லில் சொன்னால் அகதி. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு மொழி தன் உயர்ந்த உரைநடையை ஓர் அகதியின் வாயில் வைத்துப் பேசியிருக்கிறது.

இந்நூலை நாங்கள் எப்படிப் படித்தோம்? அருஞ்சொற்களுக்கு அகராதி புரட்டினோம். இஃராபு சொன்னோம். மோனை எதுகைக்கு ஒப்பான ஸஜ்வை வியந்தோம். 'இவன் ஏன் ஊர்விட்டு ஊர் அலைகிறான்?' என்று ஒருவரும் கேட்கவில்லை, உஸ்தாதும் சொல்லவில்லை. நான் ஆசிரியனான பின்பும் நெடுங்காலம் அப்படியே நடத்தினேன். பயணக் கதையின் பொக்கிஷம் ஒன்றை இலக்கணப் பயிற்சிப் புத்தகமாக்கி வைத்துவிட்டு, வெளியே இருக்கும் இளைஞனைப் பார்த்து 'உனக்குப் பயணக் கதை எழுதத் தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். உரிமை குறைவாயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பயணம் எழுதுவது நம்மவர்க்குப் புதிதன்று. அல்பீரூனீ சமஸ்கிருதம் கற்று, பதஞ்சலியை அரபுக்கு மொழிபெயர்த்து, 1030 அளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதினார். இந்துக்கள் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதை அவர்கள் சொல்லும்படியே முதலில் கூற வேண்டும் என்பதை முறையாகக் கொண்டார். அவரைப் பற்றிப் பேசுவோர் பலர், எனவே விடுகிறேன். நம் தமிழ்க் கரையோடு தொடர்புடைய இப்னு பதூதாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அவரை நாம் மேடையில் பெருமைக்குப் பயன்படுத்துகிறோம், படிப்பதில்லை.

1340களில் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவருடைய மரக்கலம் மஅபர் கரைக்கு அருகில் சேதமுற்றது. மஅபர் என்று அரபிகள் சொன்னது நம் சோழமண்டலக் கரையைத்தான். உடைந்த கலத்தில் இரவெல்லாம் அஞ்சிக் கிடந்தவரை விடியற்காலையில் படகில் வந்து மீட்டுக் கரைசேர்த்தவர்கள் இவ்வூர் மக்கள், முஸ்லிம் அல்லாதவர்கள். அதை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். அப்போது மதுரையில் ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன். இப்னு பதூதாவுக்கு மனைவி வழியில் உறவினர். சுல்தானின் விருந்தினராக இருந்து, அவர் உணவை உண்டு, அவர் பரிசைப் பெற்ற அந்த மனிதர், சுல்தான் தம் பகையான இந்துக்களை, பெண்டிரையும் குழந்தைகளையும்கூட, கொன்ற கொடுமையைப் பச்சையாக எழுதினார். ஓர் ஆணும் அவன் மனைவியும் சிறு மகனும் தம் கண்ணெதிரே வெட்டப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொன்னார். வேறெந்த அரசரிடமும் இத்தகைய இழிசெயலைக் கண்டதில்லை என்றும், இதனாலேயே அவருடைய மரணத்தை இறைவன் விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பும் கூறினார்.

இப்னு பதூதா குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. மாலத்தீவில் காஜியாக இருந்தபோது அவ்வூர்ப் பெண்களின் உடையைப் பற்றி அவர் பட்ட எரிச்சல் கொஞ்சமன்று. தற்பெருமையும் தாராளமாகவே உண்டு. ஆனால் அவர் ஏட்டில் அயலான் இருக்கிறான். அவனைக் கண்டு வியக்கிறார், வெறுக்கிறார், அவனுக்காக இரங்குகிறார். காணாமல் மட்டும் போகவில்லை. நம் கதாசிரியன் அயலானைக் காணவே இல்லை.

தமிழிலும் நம் முன்னோர் காணாதவர் அல்லர். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். தமிழில் முதல் நாவல் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எகிப்தில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் வாழ்ந்து, மீண்டும் மிஸ்ரு தேசம் போவதாகக் கதை. இன்று படித்தால் திருப்பங்கள் அளவுக்கு மீறியவையாகத் தோன்றும், அது வேறு. கண்டியில் இருந்த ஒரு தமிழ் முஸ்லிமுக்கு எகிப்தியனைக் கதைத்தலைவனாக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? 1883இல் எகிப்தியத் தலைவர் அஹ்மத் உராபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார். சித்திலெப்பை அவரைப் பார்த்தார், பேசினார், பழகினார். சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' இதழை 1887 முதல் நடத்திய மகுதூம் சாயபுவோ அவ்விதழிலேயே 'வினோத சம்பாஷணை' என்ற உரையாடற் கதையை வெளியிட்டார். அதில் மனிதர் நின்று பேசுகிறார்கள், தலைப்பே உரையாடல்தான். பிற்காலத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. மேடானும் பினாங்கும் அதில் வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. அ. முத்துலிங்கம் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியப் பக்கத்திலும் உத்தியோகம் பார்த்தார்; அவ்வூர் மக்களே தம் பெயரோடும் வழக்கத்தோடும் நடமாடும் கதைகளைத் தமிழில் கொடுத்தார். இவர்கள் இருவரும் நம் சமுதாயத்தவர் அல்லர். அரபு நாடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய சமுதாயத்திலிருந்து, ஐந்து வேளையும் அரபில் தொழுகின்ற சமுதாயத்திலிருந்து, ஓர் அரபியின் அடுக்களைக்குள் நம்மை அழைத்துப்போகும் கதை எத்தனை வந்திருக்கிறது? கண்டவர்கள் எழுதித் தெரிவித்தால் நன்றியோடு திருத்திக்கொள்வேன்.

அனுபவம் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். அனுபவம் இருக்கிறது, கேட்பார்தான் இல்லை. என் தம்பி ஷார்ஜாவில் ஒரு பகாலாவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். அவன் விடுமுறையில் வரும்போதெல்லாம் நாங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். யாருக்கு என்ன துணி, எத்தனை சோப்பு என்று கணக்கிட்டோம். நிரந்தரமாகத் திரும்பிப் பல ஆண்டுகள் கழிந்த பின், ஒருநாள் இரவு மின்சாரம் நின்று மாடியில் படுத்திருந்தபோது, கடைக்குப் பக்கத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த பட்டாணியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். தொடக்கத்தில் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆயினும் விடியலில் சுடும் முதல் ரொட்டியை அவர் இவனுக்கென்று எடுத்து வைப்பாராம். எங்கள் தந்தையார் வஃபாத்தான செய்தி போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு ஊர் வர வழியில்லை. அன்று அந்தப் பட்டாணியர் அடுப்பை மூடிவிட்டு, ஒருநாள் வருமானத்தை இழந்து, மாலைவரை இவன் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். தந்தையாரின் ஜனாஸாவில் நின்ற எனக்கு, அதே நேரத்தில் ஷார்ஜாவில் ஒருவர் எங்களுக்காக அடுப்பணைத்திருந்தார் என்பது அன்றிரவுதான் தெரிந்தது.

"ஏண்டா, இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"யாருண்ணே கேட்டா?" என்றான்.

அவருடைய பெயர் தம்பிக்குத் தெரியும், ஊர் தெரியும், மூத்த மகளின் பெயர்கூடத் தெரியும். அயலானுக்குப் பெயர் வேண்டும் என்று எழுதுகிறவன் அப்பெயரை இங்கே மறைக்கலாமா என்று கேட்பீர்கள். எங்கோ வாழும் ஒருவரை அவர் இசைவின்றிக் கட்டுரையில் இழுப்பது முறையன்று. கதையில் வேறு பெயர் இட்டு அவரை முழுமையாக வாழவைக்கலாம். கதை என்ற ஒன்று இருப்பதன் பயன் அதுதானே! போட்டிக்கு வந்த கட்டுகளில் அந்த ரொட்டி அடுப்பு ஒன்றிலும் எரியவில்லை.

'அரபு நாட்டில் முதலாளி வேறு, தொழிலாளி வேறு. பழகவே இடமில்லை' என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். பழக இடமுள்ள ஊரில் நாம் என்ன செய்கிறோம்? நம் ஊரையே பார்ப்போம்.

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே போனால் திருக்கழுக்குன்றம். அதைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம். இக்கரையில் அயலார் வந்திறங்காத நூற்றாண்டு இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. கோவளத்தில் தமீம் அன்ஸாரி என்னும் நபித்தோழர் அடங்கியிருப்பதாக மக்கள் நம்புகிறார்கள்; வரலாற்றாசிரியன் என்ன சொல்வான் என்பது வேறு வழக்கு. கடல்வழி வந்த ஓர் அயலூராரின் அடக்கத்தலத்தை மதம் பாராமல் மக்கள் தேடி வருகிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்திருந்தன. கடற்கரையில் பாசிமணி விற்கும் சிறுவன் நான்கைந்து மொழிகளில் விலை சொல்கிறான். இத்தனைக்கும் நடுவே வாழ்கிறோம்.

திருக்கழுக்குன்றத்துக் குன்றில் ஒருகல் மண்டபம் என்று பல்லவர் காலக் குடைவரை ஒன்று உண்டு. மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போயிருந்தேன். அங்குள்ள கல்லில், பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினப் பக்கமிருந்து வந்த டச்சுக்காரர்கள் தம் பெயரையும் ஆண்டையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். மலையேறி வந்தார்கள், ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்லைக் கண்டார்கள், தம் பெயரை எழுதினார்கள், இறங்கிப் போனார்கள். மாணவன் ஒருவன் சிரித்தான். நம் வளைகுடாக் கதைகளும் ஏறத்தாழ இந்த வேலையைத்தான் செய்கின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. போட்டிக் கதைகளைப் படித்தபோதுதான் தோன்றியது.

இனி நான் சொல்ல வந்ததன் நடுப்புள்ளிக்கு வருகிறேன்.

மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், கடற்கரைச் சாலையை ஒட்டி எழும் அடுக்குமாடிகளிலும் வேலை செய்வோரில் பெருந்தொகையினர் வங்காளம், பீகார், ஒடிசா, அஸ்ஸாம் மாநிலத்தவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பின் ஸஃப்புகளைப் பாருங்கள். சிமெண்டுத் தூள் படிந்த காலோடு அவசரமாக ஒளுச் செய்துவிட்டு நிற்கும் இளைஞர்கள் யார்? நாம் அவர்களைத் தோளோடு தோள் உரசி நின்று தொழுகிறோம். ஸலாம் கொடுத்தவுடன் அவர்கள் காணாமல் போகிறார்கள். அதாவது, நாம் காண்பதில்லை. வேடந்தாங்கலுக்கு எந்தப் பறவை எங்கிருந்து வந்தது, எப்போது திரும்பும் என்று ஆண்டுதோறும் ஏடுகளில் எழுதுகிறோம். பக்கத்து ஸஃப்பில் நிற்பவன் எந்த மாவட்டம் என்று கேட்டதில்லை. கேட்காமலே அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: 'ஹிந்திக்காரன்'. அவன் தாய்மொழி வங்காளமாயிருந்தாலும், அஸ்ஸாமியாயிருந்தாலும் ஹிந்திக்காரன்தான்.

போட்டிக்கு வந்த கதைகள் பலவற்றில் கதைத்தலைவன் பொங்கி எழும் இடம் எது தெரியுமா? அரபி அவனைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'ஹிந்தி' என்று கூப்பிடும் இடம். அரபில் 'ஹிந்தி' என்றால் இந்தியன் என்றுதான் பொருள். ஆயினும் எனக்கும் ஒரு பெயர் இல்லையா, ஊர் இல்லையா என்று அவன் குமுறுகிறான். நியாயமான குமுறல். அந்தக் கதையை எழுதிவிட்டு எழுந்து, தன் வீட்டுக்குத் தளம் போட வந்தவனை 'ஏ ஹிந்தி' என்று அழைக்கிறவனுக்கு இரண்டும் ஒரே சொல் என்பது உறைக்கவில்லையே! அழுத கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் அக்கண்ணீர் எதற்காக?

ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுகிறவன் என்ற முறையில் ஒரு மஸ்அலாவை நினைவூட்டுகிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள். ஒருவன் ஓர் ஊரில் 15 நாள் தங்க நிய்யத்துச் செய்துவிட்டால் அவன் முஸாஃபிர் அல்லன், முகீம். அவனுக்குக் கஸ்ரு இல்லை. அவ்வூரானைப் போல முழுத் தொழுகை தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாளே போதும். சட்டம் அயலானை 15 நாளில் ஊரானாக்கிவிடுகிறது. நம் கதைகளிலோ 25 ஆண்டு துபாயில் இருந்தவன் இறுதிவரை முஸாஃபிர். அந்த ஊர்க் காற்று அவன்மீது படவே இல்லை. நம் தெருவிலோ பல ஆண்டு இருப்பவன் இன்னும் ஹிந்திக்காரன்.

இதை எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சுக்கும் செயலுக்கும் பொருத்தம் வேண்டுமே என்று, ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் போய் எனக்குத் தெரிந்த உருதுவில் ஊரும் பெயரும் விசாரித்தேன். என் உருது மதரஸா உருது, சந்தைக்கு உதவாது. அவர் சற்று நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தமிழ்லயே கேளுங்க பாய். எட்டு வருஷமா இங்கதான் இருக்கேன்." மால்டா மாவட்டத்துக்காரர், கம்பி கட்டும் வேலை. எட்டாண்டுகளில் பள்ளிவாசலில் அவரிடம் ஊர் கேட்ட முதல் ஆள் நான் என்றார். புகாராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு அவர் என்னைக் கேட்டார்: "நீங்க எந்த ஊரு?"

இவ்வாண்டும் போட்டி நடத்தப் போகிறார்களாம். நடுவராக இருக்கும்படி மீண்டும் கேட்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை எழுதி அனுப்பினேன். கதையில் நம்மவன் அல்லாத ஒருவனுக்காவது பெயர் இருக்க வேண்டும். அவன் ஒரு முழு வாக்கியமாவது பேச வேண்டும். அவ்வாக்கியத்துக்கு நம்மவன் விடை சொல்லியாக வேண்டும். இம்மூன்றும் இல்லாத கதை எவ்வளவு கண்ணீர் வடித்தாலும் பரிசுக்கு எடுத்துக்கொள்ளலாகாது. போட்டிக் குழுவினர் கலந்து பேசிச் சொல்வதாகத் தெரிவித்தார்கள். இன்னும் விடை வரவில்லை.